பெஞ்ச் கிரைண்டர்: ஆறு அங்குலமா, எட்டு அங்குலமா, மெதுவாக ஓடும் எட்டா?

பட்டறைக்கு பெஞ்ச் கிரைண்டர் வாங்கப் போனால் கடையில் கேட்கும் முதல் கேள்வி "ஆறா, எட்டா?" அடுத்தது "அரை ஹெச்பியா, முக்காலா?" இரண்டுக்கும் பதில் சொல்லி வாங்கி வந்த பிறகும் உளி சூட்டில் நீலம் பாய்ந்து கடினம் இழக்கிறது, லேத் டூலில் கூர் நிற்க மாட்டேன் என்கிறது, மேஜையே அதிர்கிறது. ஏனென்றால் கூரைத் தீர்மானிக்கிறவை வேறு: கல்லின் விளிம்பு எவ்வளவு வேகமாக ஓடுகிறது, மாட்டியிருக்கும் கல் என்ன ரகம், டூலைத் தாங்கும் ரெஸ்ட் அசையாமல் நிற்கிறதா. அளவும் ஹெச்பியும் இந்த மூன்றுக்கும் பிறகுதான்.

வேகத்திலிருந்து தொடங்குவோம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண பெஞ்ச் கிரைண்டரில் இருக்கும் இரண்டு துருவ மோட்டார் நிமிடத்துக்கு 2800 முதல் 2900 சுற்று வரை ஓடும். நான்கு துருவ மோட்டார் என்றால் 1400 முதல் 1440. கல்லின் விட்டத்தை மீட்டரில் எடுத்து, 3.14 ஆலும் சுற்றாலும் பெருக்கி, 60 ஆல் வகுத்தால் விளிம்பு வேகம் வரும். 150 மிமீ, அதாவது ஆறு அங்குலக் கல், 2850 சுற்றில் விநாடிக்குச் சுமார் 22 மீட்டர் ஓடுகிறது. 200 மிமீ கல் அதே சுற்றில் 30 மீட்டர். அதே எட்டு அங்குலக் கல்லை நான்கு துருவ மோட்டாரில் போட்டால் 15 மீட்டர்.

இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கூர் தீட்டுவது பற்றி இணையத்தில் கிடைக்கும் அறிவுரையில் பெரும்பகுதி அமெரிக்காவிலிருந்து வருகிறது. அங்கே 60 ஹெர்ட்ஸ். எட்டு அங்குல மெஷின் 3450 சுற்றில் ஓடும், விளிம்பு வேகம் 36 மீட்டர். அந்த வேகத்தில் கார்பன் ஸ்டீல் உளியைப் பிடித்தால் கண் மூடித் திறப்பதற்குள் கருகும். அதனால்தான் அவர்கள் 1725 சுற்று மெஷினைத் தேடி வாங்குகிறார்கள். அதன் விளிம்பு வேகம் 18 மீட்டர். நம் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ஆறு அங்குல மெஷினின் 22 மீட்டர் அதற்குப் பக்கத்திலேயே நிற்கிறது. உளி, இழைப்புளித் தகடு மட்டும் தீட்டும் தச்சர், "ஸ்லோ ஸ்பீடு" மெஷின் வேண்டும் என்று தேடி அலைய அவசியமில்லை. ஆறு அங்குல மெஷினோடு வரும் கல்லைக் கழற்றி வைத்துவிட்டு நல்ல வெள்ளைக் கல் (வெள்ளை அலுமினியம் ஆக்ஸைடு) ஒன்றை மாட்டினால் போதும்.

மூன்றில் எது யாருக்கு

ஆறு அங்குலத்தின் பலம் மென்மை. கல் சிறியது, எடை குறைவு, சுவிட்சைப் போட்டதும் முழு வேகத்துக்கு வந்துவிடும். வீட்டுப் பட்டறை, மின்வேலை, பிளம்பிங், தச்சு, எப்போதாவது டிரில் பிட் தீட்டுவது எல்லாவற்றுக்கும் சரி. அதன் குறை இரண்டு. கல் தேயத் தேய விட்டம் குறைந்து, 115 மிமீக்கு வரும்போது விளிம்பு வேகம் 17 மீட்டராகிவிடும். வெட்டு மந்தமாகும், கல்லும் வேகமாக உதிரும். இன்னொன்று, மோட்டார் உடலுக்கும் கல்லின் விளிம்புக்கும் இடையே இடைவெளி குறைவு. நீளமான டூலைச் சாய்த்துப் பிடிக்கும்போது அது மோட்டாரில் முட்டும். அரை அங்குல லேத் டூல் பிட்டில் பக்கக் கோணம் போடுகிறவர்கள் இதை முதல் நாளே உணர்வார்கள்.

எட்டு அங்குலம், 2850 சுற்று: லேத் வைத்திருக்கும் பட்டறைக்கும், வெல்டிங்கும் ஃபேப்ரிகேஷனும் நடக்கும் இடத்துக்கும் இதுவே பொருத்தம். உலோகத்தைச் சட்டென்று எடுக்கும். ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல் வெப்பத்தைத் தாங்குவதால் 30 மீட்டர் வேகம் அதற்குப் பிரச்சினை இல்லை. வெட்டிரும்பு உளியின் தலையில் காளான்போல் மடிந்த உதட்டைச் சீவுவது, வெட்டிய ஆங்கிளின் பிசிர் எடுப்பது, போல்ட்டைக் குட்டையாக்குவது போன்ற முரட்டு வேலைக்கும் அகலமான 25 மிமீ கல் உதவும். ஆனால் கார்பன் ஸ்டீல் உளி இதில் எளிதில் கருகும். கை பழகியவர்தான் பிடிக்க வேண்டும்.

மெதுவாக ஓடும் எட்டு அங்குலத்துக்கு ஆதரவாளர்கள் அதிகம். மரக்கடைசல் செய்கிறவர்கள் ஒரு நாளில் பலமுறை கௌஜை, அதாவது குழிந்த கடைசல் உளியை, கல்லுக்குக் கொண்டு போக வேண்டியிருப்பதால், அவர்களுக்கு இது நியாயமான தேர்வு. வாங்கும் முன் ஒன்றை அறிந்திருக்க வேண்டும்: ஒரே கல் மெதுவாக ஓடும்போது தன் இயல்பைவிட மென்மையான கல்லாக நடந்துகொள்ளும். கல்லில் பதிந்திருக்கும் வெட்டும் துகளை மணி என்பார்கள்; ஒவ்வொரு மணியும் ஒரு சுற்றில் ஆழமாகக் கடித்து, அதிக விசை வாங்கி, சீக்கிரம் பெயர்ந்து விழும். 2850 சுற்றில் நன்றாக ஓடிய மென்மையான வெள்ளைக் கல்லை இதில் மாட்டினால் முகம் சீக்கிரம் பள்ளம் விழும். ஒரு படி கடினமான தரத்தை எடுப்பது நல்லது. முரட்டு வேலைக்கு இந்த மெஷினை எதிர்பார்க்கக் கூடாது.

குழிவு பற்றி ஒரு சொல். சிறிய கல்லில் தீட்டினால் உளியின் சரிவு அதிகம் குழிந்து முனை பலவீனமாகும் என்று சொல்வார்கள். 6 மிமீ தடிமனுள்ள உளியை 25 டிகிரியில் தீட்டினால் சரிவின் நீளம் சுமார் 14 மிமீ. 150 மிமீ கல்லில் நடுக்குழிவு 0.34 மிமீ, 200 மிமீ கல்லில் 0.25 மிமீ. வித்தியாசம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. இதற்காக எட்டை வாங்க வேண்டாம்.

மோட்டாரும் மின்னழுத்தமும்

எட்டு அங்குலக் கல் ஆறைவிடக் கொஞ்சம்தான் பெரியது என்று கண்ணுக்குத் தோன்றும். 150 மிமீ விட்டம் 20 மிமீ அகலமுள்ள கல்லோடு 200 மிமீ விட்டம் 25 மிமீ அகலக் கல்லை ஒப்பிட்டால் எடை இரண்டு மடங்குக்கு மேல். சுழற்றிவிடுவதை எதிர்க்கும் நிலைமத்திருப்பம் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அதனால் ஆறு அங்குலத்துக்கு அரை ஹெச்பி தாராளம், எட்டு அங்குலத்துக்கு அரை ஹெச்பி அடிமட்டம். முக்கால் ஹெச்பி இருந்தால் நிம்மதி.

கிராமப் பக்கம் மாலை நேரத்தில் மின்னழுத்தம் 180 வோல்ட்டுக்கு இறங்குவது உண்டு. இண்டக்ஷன் மோட்டாரின் முறுக்கு விசை மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடு போகிறது. 230க்குப் பதில் 180 வந்தால் கையில் இருப்பது 61 சதவீதம் மட்டுமே. அரை ஹெச்பி எட்டு அங்குல மெஷின் அப்போது உறுமிக்கொண்டே வேகம் எடுக்கத் திணறும். அந்தத் திணறலில்தான் வைண்டிங் சூடாகிக் கருகும். மின்னழுத்தம் தள்ளாடும் இடத்தில் ஆறு அங்குலம் பாதுகாப்பான தேர்வு.

பெயர்ப்பலகையில் ஹெச்பிக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது வேலைநேரக் குறியீடு. "எஸ்1" என்றால் மோட்டார் இடைவிடாமல் ஓடத் தகுந்தது. "எஸ்2 30 நிமிடம்" என்றால் முழுச் சுமையில் அரை மணி நேரம் ஓடியபின் ஆறவிட வேண்டும். மலிவான மெஷின்களில் இரண்டாவதுதான் அதிகம். வாரத்தில் நாலு டூல் தீட்டுகிறவருக்கு எஸ்2 போதும். நாள் முழுக்கப் பலர் கைமாறிப் பயன்படுத்தும் பட்டறைக்குப் போதாது. குறிப்பிட்டிருக்கும் வாட் மின்சாரத்திலிருந்து இழுப்பதா, ஷாஃப்ட்டில் தருவதா என்பதையும் கேளுங்கள். ஒரு ஹெச்பி 746 வாட் என்பது ஷாஃப்ட் கணக்கு.

மூன்று ஃபேஸ் இணைப்பு இருக்கும் பட்டறை, மூன்று ஃபேஸ் மெஷினையே எடுக்கலாம். கெபாசிட்டர் இல்லை, உடனே வேகம் எடுக்கும், ஓட்டம் சீராக இருக்கும். ஒரே ஒரு விஷயத்தில் எச்சரிக்கை தேவை. எதிரே நின்று பார்க்கும்போது கல்லின் முன்பக்கம் மேலிருந்து கீழே வர வேண்டும். அதற்கேற்பத்தான் இடப்பக்க நட்டுக்கு இடது மரையும் வலப்பக்க நட்டுக்கு வலது மரையும் போட்டிருக்கிறார்கள். ஃபேஸ் மாறி மோட்டார் பின்னோக்கிச் சுழன்றால் பொறி முகத்தை நோக்கி மேலே பறக்கும். நட்டும் தானாகக் கழலத் தொடங்கும். எனவே முதல் இணைப்பின்போது இரண்டு கல்லையும் கழற்றிவிட்டு வெறும் ஷாஃப்ட் எந்தப் பக்கம் சுழல்கிறது என்று பாருங்கள். தப்பாக இருந்தால் ஏதாவது இரண்டு ஃபேஸ் ஒயரை இடம் மாற்றினால் சரியாகிவிடும். வெளியே லைனிலோ உள்ளே பேனல் போர்டிலோ வேலை நடந்த பிறகும் இதே சோதனை வேண்டும்.

மூன்று ஃபேஸ் மோட்டாரோடு விஎஃப்டி (மின்சாரத்தின் ஹெர்ட்ஸை மாற்றி வேகத்தை மாற்றும் கருவி) வைத்தால் ஒரே மெஷினில் 15 மீட்டரும் 30 மீட்டரும் கிடைக்கும். செலவு கூடுதல்தான், ஆனாலும் லேத் வேலையும் மரவேலையும் ஒரே கூரையின் கீழ் நடந்தால் யோசிக்கத்தக்க வழி. விஎஃப்டியின் மேல் வரம்பை 50 ஹெர்ட்ஸில் பூட்டி வைக்க வேண்டும். விநாடிக்கு 35 மீட்டர் என்று அச்சிட்ட 200 மிமீ கல்லின் உச்ச வரம்பு 3340 சுற்று; 58 ஹெர்ட்ஸிலேயே அது வந்துவிடும். சிங்கிள் ஃபேஸ் மெஷினுக்கு ஃபேன் ரெகுலேட்டரையோ டிம்மரையோ மாட்டி வேகத்தைக் குறைக்கும் முயற்சி மோட்டாரைத்தான் எரிக்கும்.

கல்தான் வேலை செய்கிறது

மெஷினோடு பெட்டியில் வரும் சாம்பல் அல்லது பழுப்பு நிறக் கற்கள் பொதுவான அலுமினியம் ஆக்ஸைடு. மணியின் நுண்மை எண் ஒன்றில் 36, இன்னொன்றில் 60 என்பது வழக்கம். பெரும்பாலும் கடினத் தரம். மைல்ட் ஸ்டீலில் பிசிர் எடுக்க இது சரியான கல். கூர் தீட்டுவதற்குத் தவறான கல்.

கல்லின் மேல் ஒட்டிய தாளில் "ஏ 60 கே 5 வி" என்பதுபோல் ஒரு வரி இருக்கும். முதல் எழுத்து மணியின் வகை: "ஏ" பழுப்பு அலுமினியம் ஆக்ஸைடு, "டபிள்யூஏ" வெள்ளை, "ஜிசி" பச்சை சிலிக்கான் கார்பைடு. அடுத்த எண் மணியின் நுண்மை. அதையடுத்த எழுத்து தரம், அதாவது பிணைப்பு மணியை எவ்வளவு இறுக்கிப் பிடித்திருக்கிறது என்பது. ஆங்கில அகர வரிசையில் முன்னே இருந்தால் மென்மை, பின்னே போகப் போகக் கடினம். பிறகு வரும் எண் மணிகளுக்கு இடையிலான இடைவெளியைச் சொல்லும். கடைசி எழுத்து பிணைப்பின் வகை: "வி" என்றால் மண்பாண்டம் சுடுவதுபோல் சூளையில் சுட்ட பிணைப்பு.

தரம் எழுத்தைப் பார்க்காமல் கல் வாங்குகிறவர்கள்தான் அதிகம். கடினமான எஃகுக்கு மென்மையான கல், மென்மையான இரும்புக்குக் கடினமான கல் என்பது விதி. கடினப்படுத்திய ஹெச்எஸ்எஸ் மணியின் முனையைச் சீக்கிரம் மழுக்கும். மழுங்கிய மணி உதிர்ந்து அடியிலிருக்கும் புது மணி வெளியே வந்தால்தான் வெட்டு தொடரும். பிணைப்பு இறுக்கமாக இருந்தால் மழுங்கிய மணி விழாமல் அங்கேயே நின்று உரசும். உரசல் சூடாக மாறும். ஹெச்எஸ்எஸ் டூல் பிட்டுக்கும் டிரில்லுக்கும் வெள்ளைக் கல், 60 மணி, கே தரம். மரவேலை உளிக்கு வெள்ளை, 60 அல்லது 80 மணி, ஜே அல்லது கே. மைல்ட் ஸ்டீல் முரட்டு வேலைக்குப் பழுப்பு, 36 மணி, ஓ (O) அல்லது பி (P).

கார்பைடு டிப் வைத்த டூல் இருந்தால் பச்சைக் கல் தேவை, அல்லது வைரக் கல். டிப்புக்குக் கீழேயுள்ள எஃகுத் தண்டை முதலில் பழுப்புக் கல்லில் சற்று உள்வாங்கச் சீவிவிட்டுத்தான் பச்சைக் கல்லுக்கு வர வேண்டும். எஃகு பட்டால் பச்சைக் கல் அடைத்துக்கொள்ளும். சூடான கார்பைடைத் தண்ணீரில் தோய்க்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழுந்து, லேத்தில் முதல் வெட்டிலேயே துண்டாகத் தெறிக்கும். அதன் தூளில் கோபால்ட் இருப்பதால் முகக்கவசம் இல்லாமல் அந்த வேலை வேண்டாம். அலுமினியம், பித்தளை, தாமிரம் மூன்றையும் இந்தக் கற்கள் எதிலும் பிடிக்க வேண்டாம். உருகி மணிகளுக்கு இடையில் அப்பிக்கொண்ட அலுமினியம் கல்லைச் சூடாக்கி வெடிக்கவைக்கக் கூடும்.

இப்போது சிபிஎன் கற்களும் கிடைக்கின்றன. எஃகு உருளையின் மேல் க்யூபிக் போரான் நைட்ரைடு மணிகளை முலாம்போல் பதித்தவை. எளிதில் தேயாது, டிரெஸ்ஸிங் (கல்லின் முகத்தைச் சீவிப் புதுப்பிப்பது) வேண்டாம், விட்டம் மாறாது, சூடும் குறைவு. ஹெச்எஸ்எஸ் மட்டுமே தினமும் தீட்டும் மரக்கடைசல்காரருக்கும் டூல் ரூமுக்கும் போட்ட பணம் திரும்பும். மைல்ட் ஸ்டீல் பட்டால் மணிகளின் இடைவெளி அடைந்து வீணாகும் என்பதால் பலர் கை வைக்கும் பொதுப் பட்டறைக்கு ஏற்றதல்ல. சிபிஎன்னுக்குப் பதிலாக வைரக் கல்லை எஃகுக்குப் பயன்படுத்தக் கூடாது. அந்தச் சூட்டில் வைரத்தின் கார்பன் இரும்போடு கலந்து தேய்ந்துபோகும்.

கல் வாங்கும்போது துளை அளவைக் குறித்துக்கொண்டு போங்கள். சந்தையில் 31.75 மிமீ துளைக் கல் பரவலாகக் கிடைக்கும். உங்கள் ஷாஃப்ட் 12.7 ஆகவோ 20 மிமீ ஆகவோ இருக்கலாம். இடையில் போடும் புஷ் தளர்வான பிளாஸ்டிக்காக இருந்தால் கல் மையம் தப்பி உட்காரும். அதிர்வுக்கு முக்கால்வாசிக் காரணம் இதுவே. டர்னரிடம் அலுமினியத்தில் ஒரு புஷ் கடைந்து வாங்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது. புஷ் கல்லின் அகலத்தைவிடச் சற்றுக் குறைவாகத்தான் இருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கல்லை இரு பக்கமும் நெருக்கும் வட்டத் தகடான ஃபிளாஞ்ச் கல்லைப் பிடிக்காது. கிரைண்ட்வெல் நார்ட்டன், சென்னையில் 1954இல் தொடங்கிய கார்போரண்டம் யுனிவர்சல் ஆகிய இரண்டின் கற்களும் தமிழ்நாட்டு ஹார்டுவேர் கடைகளில் தேடக்கூடியவை. பெயர் தெரியாத கல்லில் தரம் எழுத்தோ உச்சச் சுற்றோ அச்சிட்டிருக்காவிட்டால் எடுக்காதீர்கள்.

நீலம் பாய்வது

கார்பன் ஸ்டீல் உளியின் முனை 220 டிகிரியை ஒட்டி வெளிர் வைக்கோல் நிறம் கொள்ளும். 260க்குப் பக்கத்தில் பழுப்பு, 280இல் ஊதா, 300இல் நீலம். நீலம் வந்த இடத்தில் கடினம் போய்விட்டது. தண்ணீரில் தோய்த்தாலும் திரும்பாது. முதலில் கருகுவது எப்போதும் மூலைதான், அங்கே சூட்டை உள்ளே இழுக்க உலோகம் குறைவு. எனவே உளியைக் கல்லின் அகலத்தில் இடமும் வலமும் நகர்த்தும்போது ஓரத்தில் ஒரு கணமும் நிறுத்தக் கூடாது. முனையிலிருந்து சற்றுத் தள்ளி விரலை வைத்துப் பிடியுங்கள். விரல் பொறுக்காத சூடு வந்தவுடன் தண்ணீர். நீலம் விழுந்துவிட்டால் அந்தப் பகுதி முழுதும் போகும்வரை மெதுவாகச் சீவுவதுதான் ஒரே வழி.

ஹெச்எஸ்எஸ் வேறு சாதி. அதன் கடைசிப் பதம் 550 டிகிரியை ஒட்டியது. நீலம் தெரிந்தாலும் கடினம் குறையாது. அதைச் செக்கச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் முக்கினால் மட்டும் நுண்விரிசல் விழும்.

உளி கருகுவதற்கு வேகத்தைக் குற்றம் சொல்வதற்கு முன் கல்லின் முகத்தைப் பாருங்கள். பளபளவென்று மின்னினாலோ, கறுப்புப் புள்ளிகள் தெரிந்தாலோ கல் வெட்டவில்லை, உரசுகிறது. அப்போது கை தன்னையறியாமல் அழுத்தும். டிரெஸ்ஸிங் செய்த கல்லில் டூலின் எடையே போதும்; பொறி சீராகக் கொட்டும், சத்தம் மாறும். ஆகவே மெஷின் வாங்கும் பட்ஜெட்டிலேயே டிரெஸ்ஸரைச் சேர்த்துவிடுங்கள். முரட்டுக் கல்லுக்கு நட்சத்திர வளையங்கள் கோத்த டிரெஸ்ஸர் போதும். கூர் தீட்டும் வெள்ளைக் கல்லுக்கு ஒற்றைமுனை வைரம் வேண்டும். வைரத்தைக் கல்லின் மையத்துக்குச் சற்றுக் கீழே, சுழலும் திசையோடு முனை பத்துப் பதினைந்து டிகிரி கீழே சாயும்படி ரெஸ்ட்டில் வைத்து, ஒரு தடவைக்கு 0.02 அல்லது 0.03 மிமீ மட்டும் எடுக்க வேண்டும். வேகமாகக் குறுக்கே இழுத்தால் முகம் சொரசொரப்பாகத் திறந்து சூடில்லாமல் வெட்டும். மெதுவாக இழுத்தால் மழமழப்பாகும், டூலின் முகம் நன்றாக வரும், சூடும் கூடும். உளிக்கு முதல் வகை.

கடையில் சோதிப்பது

அட்டைப்பெட்டியைப் பிரிக்க விடாத கடையில் வாங்க வேண்டாம். மின்சாரம் இல்லாமல் கையால் சுழற்றிவிட்டுக் கல்லின் பக்கவாட்டு ஆட்டத்தைப் பாருங்கள். ஷாஃப்ட்டைப் பிடித்து முன்னும் பின்னும் இழுத்தால் தளர்வு இருக்கக் கூடாது. பிறகு ஓட்டி, முழு வேகத்தில் மெஷின் மேல் உள்ளங்கையை வையுங்கள். அதிர்ந்தால் இரண்டு கல்லையும் கழற்றச் சொல்லி வெறும் ஷாஃப்ட்டை ஓட்டுங்கள். அதிர்வு நின்றுவிட்டால் குற்றம் கல்லிலோ ஃபிளாஞ்ச்சிலோ புஷ்ஷிலோ, சரிசெய்யக்கூடியது. வெறும் ஷாஃப்ட்டே அதிர்ந்தால் அந்த மெஷினை விட்டுவிடுங்கள்.

ஃபிளாஞ்ச் இரண்டும் ஒரே விட்டமாக, கல்லின் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் இருக்க வேண்டும்: ஆறு அங்குலத்துக்கு 50 மிமீ, எட்டுக்கு 67. தகட்டை அழுத்திச் செய்த ஃபிளாஞ்சைவிடக் கடைந்த ஃபிளாஞ்ச் மேல். ரெஸ்ட்டைப் பிடித்து அழுத்திப் பாருங்கள். வளைந்த தகடாக இருந்தால் டூலோடு சேர்ந்து ஆடும், கோணம் நிற்காது. வார்ப்பிரும்பு ரெஸ்ட் இருக்கும் மெஷினுக்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுக்கலாம். ரெஸ்ட் கல்லிலிருந்து 3 மிமீக்குள்ளும், மேலேயுள்ள பொறித்தடுப்பு நாக்கு 6 மிமீக்குள்ளும் நெருங்கி வருமாறு சரிசெய்ய இடம் இருக்க வேண்டும். கல் தேயத் தேய இரண்டையும் முன்னே தள்ள வேண்டும், மெஷின் நின்ற பிறகுதான். இடைவெளி பெரிதானால் சிறு துண்டு உள்ளே இழுபட்டுச் சிக்கும். கல் உடைவதும் விரல் போவதும் பெரும்பாலும் அப்படித்தான்.

பெஞ்ச் கிரைண்டருக்குப் பதிலாக

கையில் ஆங்கிள் கிரைண்டர் இருக்கிறதே, ஸ்டாண்டில் மாட்டிக்கொள்ளலாமே என்ற எண்ணம் பலருக்கு வரும். நாலு அங்குல டிஸ்க் 11,000 சுற்றில் விநாடிக்குச் சுமார் 58 மீட்டர் ஓடுகிறது. வெட்டவும் வெல்டிங் மடிப்பைச் சீவவும் அது நல்ல கருவி. கூர் தீட்ட, கோணம் நிற்காது, முனை கருகும். பெஞ்ச் கிரைண்டர் கல்லை அதில் மாட்டினால் கல் சிதறும்.

பெல்ட் கிரைண்டர் மேலான போட்டியாளர். கத்தி, அரிவாள் போன்ற நீண்ட வளைந்த முகத்துக்குக் கல்லைவிட பெல்ட் நல்லது. பரப்பு அதிகம், பெல்ட் சுற்றிவரும் நேரத்தில் ஆறுகிறது. கத்தி செய்கிறவர்கள் 2 அங்குல அகலம் 72 அங்குல நீள பெல்ட்டை விரும்புவார்கள். லேத் டூலின் கூர்மையான உள்மூலை, டிரில்லின் முனை இதில் சரிவராது. பெல்ட் முனையில் சற்று அமுங்கிக் கூரை உருண்டையாக்கும். பெல்ட் வாங்கும் செலவும் தொடர்ந்து வரும்.

தண்ணீர்த் தொட்டியில் மெதுவாகச் சுற்றும் கல் மெஷின், உதாரணமாக ஸ்வீடனின் டார்மெக், 250 மிமீ கல்லை நிமிடத்துக்கு 90 சுற்றில் ஓட்டுகிறது. விளிம்பு வேகம் விநாடிக்கு 1.2 மீட்டர்தான். கருகவே கருகாது, தாங்கிகளில் கோணம் துல்லியமாக நிற்கும். உடைந்த முனையைச் சரிசெய்ய மட்டும் பொறுமை வேண்டும். வேலை முடிந்ததும் தொட்டியை இறக்கி வைக்காவிட்டால் கல்லின் ஒரு பக்கம் மட்டும் நீர் ஊறிக் கனக்கும். நல்ல உளிகளை நிறைய வைத்திருக்கும் மரவேலைக்காரருக்கு இது இரண்டாவது மெஷின். முதல் மெஷினாக வாங்குவதற்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பொருத்தும்போது

புதுக் கல்லை மாட்டும் முன் துளையில் விரல் கோத்துத் தொங்கவிட்டு, மரக் கைப்பிடியால் விளிம்பிலிருந்து 25 முதல் 50 மிமீ உள்ளே, செங்குத்துக் கோட்டுக்கு 45 டிகிரி இரு பக்கமும் மெல்லத் தட்டுங்கள். கல் உலர்ந்திருக்க வேண்டும். மணிபோல் கணீரென்றால் நலம். சத்தம் செத்து வந்தால் உள்ளே விரிசல், அதை உடைத்துப் போட்டுவிடுங்கள், இன்னொருவர் எடுத்து மாட்டிவிடக் கூடாது. இரு பக்கமும் தாள் வட்டை இருக்க வேண்டும். நட்டைச் சாதாரண ஸ்பேனரால் இறுக்கினால் போதும், குழாய் போட்டு முறுக்க வேண்டாம். முதல் ஓட்டம் ஒரு நிமிடம் வெறுமையாக, பக்கத்தில் ஒதுங்கி நின்று. அதன்பின் முகத்துக்கு டிரெஸ்ஸிங்.

கல்லின் பக்கத்தில் தேய்க்கக் கூடாது. நேர்க் கல் பக்கவாட்டு அழுத்தத்துக்குச் செய்யப்பட்டதல்ல. பாதுகாப்புக் கண்ணாடி எப்போதும், கையுறை ஒருபோதும் இல்லை. தோளில் துண்டு, தொங்கும் சட்டைக் கை, கயிறு எதுவும் பக்கத்தில் வரக் கூடாது.

மெஷினைக் கல்லின் மையம் முழங்கை உயரத்துக்கு வரும்படி 6 மிமீ தகட்டில் போல்ட் போட்டு உட்காரவையுங்கள். லேத்தின் பெட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், பறக்கும் மணித்தூள் ஸ்லைடுவேயைத் தின்றுவிடும்.

லேத்தும் வெல்டிங்கும் உள்ள பட்டறை: எட்டு அங்குலம், முக்கால் ஹெச்பி, எஸ்1, இடப்பக்கம் பழுப்பு 36, வலப்பக்கம் வெள்ளை 60 கே, ஒற்றைமுனை வைரம் ஒன்று. தச்சரும் வீட்டுப் பட்டறையும்: ஆறு அங்குலம், அரை ஹெச்பி, வலப்பக்கக் கல்லை முதல் நாளே வெள்ளை 60 அல்லது 80க்கு மாற்றிவிடுங்கள். கையிருப்பு இடித்தால் மெஷினில் ஒரு படி இறங்குங்கள். வெள்ளைக் கல்லையும் டிரெஸ்ஸரையும் விட்டுக்கொடுக்காதீர்கள்.